ஆற்றுப்படையும் அருங்காட்சியகமும்: கட்டட அமைப்பும் காண்போர் நடையும் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

அருங்காட்சியகங்கள் குறித்துத் தமிழில் எழுதப்பட்டுள்ளவற்றுள் பெரும்பாலானவை அங்குள்ள பொருள்களைப் பற்றியவை. செப்புத் திருமேனிகளின் காலம், கல்வெட்டுகளின் வாசகம், பானை ஓட்டுப் பொறிப்புகளின் எழுத்தமைதி ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அப்பொருள்களைத் தாங்கி நிற்கும் கட்டடமும், அதனுள் நடக்கும் மனிதரின் கால்களும் ஆய்வுப் பொருளாக அமைவது அரிது. ஒரு பொருளை முதலில் காண்பதற்கும் இறுதியில் காண்பதற்கும், வாயிலுக்கு எதிரே காண்பதற்கும் மூலையில் காண்பதற்கும் பொருள் வேறுபாடு உண்டு. ஒரு தொகை நூலில் பாடல் வைப்புமுறை பொருள் தருவதைப் போலவே காட்சியகத்தில் அறை வைப்புமுறையும் பொருள் தருகிறது. ஆகவே கட்டடத்தையும் ஒரு பனுவலாகக் கொண்டு வாசிக்க இயலும்.

அருங்காட்சியகக் கட்டடம் காண்போரின் நடையை எவ்வாறு வழிப்படுத்துகிறது, அவர்தம் தேடலை எங்கே திறக்கிறது, எங்கே அடைக்கிறது என்பனவற்றைப் பத்மநாபபுரம் அரண்மனை, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம், கீழடி அருங்காட்சியகம் ஆகிய மூன்றை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்குரிய கருவிகள் தமிழ் இலக்கிய மரபிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தேவைப்படும் இடங்களில் மேலைநாட்டார் ஆய்வுகளும் ஒப்பிடப்படுகின்றன.

வழிப்படுத்தலும் ஊர்காண் நடையும்

நடப்பவனை முன்னிறுத்தி ஓர் இலக்கிய வகையையே படைத்தது தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்கு வழி கூறுவதே இவ்வகையின் அமைப்பு என்பது அறிஞர் அறிந்ததே. சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் பாணன் பெறக்கூடிய உணவும் சொல்லப்படுகிறது. மலைபடுகடாம் வழியின் அழகை மட்டுமன்றி அதன் இடர்களையும் கூறி எச்சரிக்கிறது. எங்கே இளைப்பாறலாம், எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பன எல்லாம் அதில் உண்டு.

ஆற்றுப்படையில் மூன்று கூறுகள் இங்குக் கருதத்தக்கன. வழி கூறுபவன் அவ்வழியில் தானே நடந்தவன் என்பது ஒன்று. வழியானது இளைப்பாறுமிடங்களால் பகுக்கப்பட்டுள்ளது என்பது மற்றொன்று. எல்லா வழியும் இறுதியில் ஒரு தலைவன் முன்னிலையில் முடிகிறது என்பது மூன்றாவது. இம்மூன்றாவது கூறே திறனாய்வுக்கு மிகவும் பயன்படுவது. நிலமும் ஊரும் உணவும் வருணிக்கப்படினும், அவையனைத்தும் பாட்டுடைத் தலைவனின் புகழுக்கே துணையாகின்றன. நடப்பவனின் களைப்பைத் தீர்ப்பதும் அவன் நாடே. வழி என்பது புகழ்மொழியின் வடிவமாகிவிடுகிறது.

இதற்கு மாறான நடையும் தமிழில் உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு மதுரை நகரைக் காணச் செல்கிறான். அரும்பொருள் அங்காடியும் மணிக்கடைகளும் அறுவை வீதியும் கூல வீதியும் அவன் கண்முன் விரிகின்றன. அவனுக்கு வழி கூறுவார் இலர். கண்டு திரும்புகிறான். மதுரைக்காஞ்சியோ நகரை இடத்தால் மட்டுமன்றிப் பொழுதாலும் பகுத்துக் காட்டுகிறது. பகலங்காடியும் அல்லங்காடியும் ஒரே நகரத்தின் இரு முகங்களாகின்றன.

ஆற்றுப்படை நடை, ஊர்காண் நடை என்னும் இவ்விரண்டையும் காட்சியகக் கட்டடங்களை வகைப்படுத்தும் அளவுகோல்களாகக் கொள்ளலாம். முன்னது ஒற்றை வழி உடையது. பின்னது பல வழிகளும் பிரிவுகளும் உடையது. முன்னதில் காண்போர் வரிசையை மாற்ற இயலாது. பின்னதில் வரிசையை அவரே படைத்துக்கொள்கிறார்.

மேலைநாட்டிலும் இவ்விரு போக்குகளைக் காணமுடிகிறது. பிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்து 1959-இல் திறக்கப்பட்ட நியூயார்க் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் ஒரே சுருள் சாய்தளம். மேலே மின்தூக்கியில் ஏறிச் சுழன்று கீழிறங்குமாறு அது கருதப்பட்டது. லெ கார்புசியே தம் வளரும் அருங்காட்சியகக் கருத்தைச் சதுரச் சுருளாக அமைத்தார். அதன் இந்திய வடிவங்களை அகமதாபாத்திலும் சண்டிகரிலும் காணலாம். பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்சனும் 1984-இல் வெளியிட்ட நூலில், ஒரு கட்டடத்தின் அறைகள் ஒன்றோடொன்று இணையும் முறையே அங்குள்ளோரின் உறவு முறையைக் காட்டும் என்று விளக்கினர். சங்கிலி போல் இணைந்த அறைகள் நடப்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. வளையம் போல் இணைந்தவை தெரிவுக்கு இடமளிக்கின்றன. ஆற்றுப்படைக்கும் ஊர்காண் காதைக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டட மொழியில் கூறினால் இதுவே ஆகும்.

வலம் வருதலும் சுவரோர நடையும்

காண்போர் உண்மையில் எவ்வாறு நடக்கின்றனர் என்பது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராயப்பட்டது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் அருங்காட்சியகக் களைப்பு என்னும் கருத்தை முன்வைத்தார். குனிந்தும் நிமிர்ந்தும் எட்டிப்பார்த்தும் உடல் சோர்வதற்குக் காட்சிப் பேழைகளின் அமைப்பே காரணம் என்று நிழற்படங்களால் காட்டினார். எட்வர்ட் ராபின்சன் 1928-இலும், ஆர்தர் மெல்டன் 1935-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதனை மேலும் விரித்தன. அறைக்குள் நுழைவோருள் பெரும்பான்மையோர் வலப்புறம் திரும்புகின்றனர் என்பதும், வெளியேறும் வாயில் கண்ணில் பட்டதும் எஞ்சியதைப் பாராமல் அதனை நோக்கி ஈர்க்கப்படுகின்றனர் என்பதும் மெல்டனின் முடிவுகள்.

இவற்றைத் தமிழர் கோயில் நடையோடு ஒப்பிடுதல் பயனுடையது. கோயிலில் இறைத்திருமேனி எப்போதும் நமக்கு வலப்புறம் இருக்குமாறு சுற்றுகிறோம். அதனாலேயே அது வலம் எனப்படுகிறது. ஆயின் சன்னதிக்கு எதிரே நிற்பவர் வலம் வரத் தொடங்கும்போது முதலில் இடப்புறமே திரும்ப வேண்டும். மெல்டன் கண்ட காண்போர் வலப்புறம் திரும்பிச் சுவரோரமாக நடக்கின்றனர். அறையை அவர்கள் சுற்றும் திசை கோயில் வலத்துக்கு நேர்மாறானது. இரு நடைகளிலும் காணப்படும் பொருள் வலப்புறத்திலேயே உள்ளது. கோயிலில் அது நடுவில் இருக்கிறது, காட்சியகத்தில் சுவரில் இருக்கிறது. நடுவிலிருந்த பொருளைச் சுவருக்கு மாற்றியதே காட்சியகக் கட்டடத்தின் முதற்செயல் எனலாம். நடுவம் வெறுமையானவுடன் நடையின் பொருளும் மாறுகிறது. சுற்றி வந்து தொடங்கிய இடத்தையே அடைவது கோயில் நடை. சுவர் தீர்ந்ததும் அடுத்த அறைக்குச் செல்வது காட்சியக நடை.

பத்மநாபபுரம்: நிலைவாயில்களின் வரிசை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம், 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை திருவிதாங்கூரின் தலைநகரமாக விளங்கியது. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கல்குளம் வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையோ கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தொடர்கிறது. நிலம் ஒரு மாநிலத்தினுடையது, அதன்மேல் நிற்கும் கட்டடம் மற்றொரு மாநிலத்தின் பராமரிப்பில் உள்ளது. எல்லைப்புறத் தமிழாய்வுக்கு இவ்வரண்மனை தரும் பொருள் மிகுதி.

அருங்காட்சியகமாகக் கட்டப்படாத இது, காலப்போக்கில் அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டது. காலணிகளை வெளியே விட்டு உள்ளே வருவோர் முதலில் காண்பது பூமுகம். மரச்செதுக்கல்கள் நிறைந்த கூரை, கருங்கல் கட்டில், தொங்கும் குதிரைக்காரன் விளக்கு ஆகியன அங்குள்ளன. குறுகிய மரப்படியில் ஏறினால் மந்திரசாலை. பின்னர் ஊட்டுபுரை, தாய்க்கொட்டாரம், உப்பரிகை மாளிகை, நவராத்திரி மண்டபம் எனக் காட்சி தொடர்கிறது. வழி ஒன்றே. பின்னால் வருவோர் முன்னால் செல்வோரைத் தள்ள, குறுகிய நடைகளில் நிற்பதற்கு இடமின்றி நகர வேண்டியுள்ளது. தாழ்ந்த நிலைவாயில்களில் நெடியவர் தலை குனிய நேர்கிறது. கட்டடம் தன் பழைய ஆணையை இன்னமும் உடலின் மீது செலுத்துகிறது என்பதற்கு இது சான்று.

இவ்வரண்மனை கட்டப்பட்டபோது ஒவ்வொரு நிலைவாயிலும் ஒரு தடையாக இருந்தது. பூமுகம் வரை வரத்தக்கவர் யார், மந்திரசாலைக்கு ஏறத்தக்கவர் யார், தாய்க்கொட்டாரத்தின் நடுமுற்றத்தைக் காணத்தக்கவர் யார் என்பன பிறப்பாலும் பதவியாலும் வகுக்கப்பட்டிருந்தன. அரண்மனையின் ஆழமே அதிகாரத்தின் அளவுகோல். உள்ளே செல்லச் செல்ல மனிதர் எண்ணிக்கை குறையும். அது அருங்காட்சியகமானபோது இத்தடைகள் அனைத்தும் நீங்கின. ஊட்டுபுரைக்கும் பள்ளியறைக்கும் இன்று ஒரே கட்டணச் சீட்டு. எவரும் எங்கும் நடக்கலாம் என்பது மக்களாட்சியின் வெற்றி. அதில் ஐயமில்லை.

எனினும் இவ்வெற்றியின் உள்ளே ஓர் இழப்பும் இருக்கிறது. எல்லா வாயில்களும் ஒரே வரிசையில் திறந்துகிடப்பதால், அவை ஒருகாலத்தில் மூடியிருந்தன என்பது காண்போருக்குத் தெரியாமல் போகிறது. ஊட்டுபுரை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரண்டு தளங்களில் நீண்டு கிடக்கும் இக்கூடத்தில் ஒரே வேளையில் இரண்டாயிரம் பேர் வரை உண்ணலாம் எனக் கூறப்படுகிறது. கேட்பவர் அரசனின் கொடைத்திறத்தை வியந்து நகர்கின்றனர். திருவிதாங்கூர் ஊட்டுபுரைகள் அந்தணர்க்கு உணவளிக்க ஏற்பட்டவை என்பதும், இந்நாட்டின் உழுகுடிகளும் பனையேறிகளும் அக்கூடத்தின் நிழலையும் அணுகியிருக்க முடியாது என்பதும் நடைவழியில் எங்கும் வெளிப்படுவதில்லை. இந்நாட்டில் அனைத்து இந்துக்களுக்கும் கோயில் நுழைவு உரிமை தரப்பட்டதே 1936-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இன்று நாம் எளிதாகக் கடக்கும் நிலைவாயில்களின் கனம் புரியும்.

ஆற்றுப்படை இவ்விடத்தில் மீண்டும் நினைவுக்கு வருகிறது. பூமுகத்தின் செதுக்கல் வேலைப்பாடும், ஊட்டுபுரையின் பரப்பும், தாய்க்கொட்டாரத்தின் தூண் அழகும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒரு பாட்டுடைத் தலைவனிடம் நம்மைச் சேர்க்கின்றன. உப்பரிகை மாளிகை மார்த்தாண்ட வர்மாவின் காலத்தது. அதன் மேல்தளம் பத்மநாபசுவாமிக்கு உரியது. சுவரோவியங்கள் நிறைந்த அத்தளம் பொதுவாகக் காண்போர்க்குத் திறக்கப்படுவதில்லை. ஓவியப் பாதுகாப்பு கருதி இது தேவையானது. எனினும் கட்டடத்தின் உச்சி இன்றும் எட்டாததாக இருப்பது அதன் பழைய ஒழுங்கை அறியாமலேயே நிலைநிறுத்துகிறது.

நவராத்திரி மண்டபம் இவ்வாசிப்புக்கு மற்றொரு கோணத்தைத் தருகிறது. கருங்கல் தூண்களால் அமைந்த இக்கூடத்தில் கலை நிகழ்ச்சிகளை அரசகுலப் பெண்டிர் மறைப்பின் துளைகள் வழியே கண்டனர். இன்று காண்போர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியேறுகின்றனர். மறைப்புக்கு அப்பால் நின்று, துளை வழியே காணும் பார்வை எத்தகையது என உணர்ந்துபார்க்குமாறு நடைவழி அவர்களை அங்கு நிறுத்துமாயின், கட்டடத்தின் பாலினச் சொல்லாடல் ஒரு நொடியில் விளங்கிவிடும். விளக்கப் பலகை நூறு சொற்களில் கூறுவதை நிற்குமிடம் ஒன்றே கூறிவிடும்.

இங்குள்ள சரசுவதி கம்பர் வழிபட்டது என்பது மரபு. ஆண்டுதோறும் நவராத்திரியின்போது இத்திருமேனி, வேளிமலைக் குமாரசுவாமியோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் சென்று திரும்புகிறது. அரண்மனை அருங்காட்சியகத்துள் மனிதர் மட்டும் நடக்க, மண்டபத்துத் தெய்வமோ மாநில எல்லையைக் கடந்து நடக்கிறது. எல்லைக்கு இருபுறமும் வாழ்வோரின் பொதுமரபு இந்நடையில் உயிரோடு இருக்கிறது. சுவருக்குள் அடங்கிய காட்சி வழியோடு இப்பெருவழியும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியதாகும்.

ஒற்றை வழி அமைப்புக்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மரத்தளங்கள் பெருங்கூட்டத்தின் சுமையைத் தாங்கா. படிக்கட்டுகள் இருவர் எதிரெதிரே கடக்க இடந்தருவதில்லை. வழியை மாற்றுதல் இயலாததாயின், வழியின் பொருளை மாற்றுதல் இயலும். ஒவ்வொரு நிலைவாயிலிலும் இவ்விடம் வரை வந்தவர் யார், நிறுத்தப்பட்டவர் யார் என்று குறித்துக் காட்டுவதற்குக் கட்டடத்தில் ஓர் ஆணியும் அறைய வேண்டுவதில்லை.

எழும்பூர்: வட்டம் கோடாகிய கதை

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. எட்வர்ட் பால்ஃபர் இதன் முதற் பொறுப்பாளர். 1854-இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. பின்னர் ஒவ்வொரு காலத்திலும் ஒரு கட்டடம் சேர்ந்து, இன்று பல கட்டடங்களும் நாற்பதுக்கு மேற்பட்ட காட்சிக்கூடங்களும் கொண்ட வளாகமாக விரிந்துள்ளது. கன்னிமாரா நூலகமும், விக்டோரியா நினைவு மண்டபமாகத் தோன்றிப் பின் தேசியக் கலைக்கூடமான கட்டடமும் ஹென்றி இர்வினின் வடிவமைப்பில் எழுந்தவை. பத்மநாபபுரம் சங்கிலி என்றால், எழும்பூர் சிதறல். முதலில் எங்கே செல்வது என்று காண்போரே முடிவு செய்ய வேண்டும். அவ்வகையில் இது ஊர்காண் நடைக்குரியது. ஆயின் கோவலனுக்கு வீதிகளே வழிகாட்டின. இங்குக் கட்டடங்களுக்கு இடைப்பட்ட வெளி எதையும் சொல்வதில்லை. விலங்கியலும் மானிடவியலும் நாணயவியலும் தனித்தனித் துறைகளாக நிற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியல் வகைப்பாட்டின் கட்டட வடிவமே. இங்குப் பாட்டுடைத் தலைவன் அரசன் அல்லன். வகைப்படுத்தும் அறிவே இங்குத் தலைவன்.

அமராவதிச் சிற்பங்கள் இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கன. வால்டர் எலியட் 1845-இல் அகழ்ந்து எடுத்தவற்றுள் பெரும்பகுதி பின்னர் இலண்டனுக்குச் சென்றது. பிற்கால அகழ்வுகளில் கிடைத்தவை உட்பட ஒரு பெருந்தொகுதி சென்னையில் உள்ளது. தூபியும் அதைச் சூழ்ந்த வேலியும் வட்டமானவை. வேலியின் அகமும் புறமும் சிற்பங்கள் கொண்டவை. நடப்பவர் சுற்றும்போது ஒரு முகமும், உள்ளே நுழைந்து சுற்றும்போது மறுமுகமும் விரியுமாறு அவை செதுக்கப்பட்டன. ஆகவே அச்சிற்பங்களின் கதையாடல் நடையை நம்பியே அமைந்தது. சென்னையில் அவை நேர்ச்சுவரில் பதிக்கப்பட்டன. பலகையின் ஒரு முகம் சுவருக்குள் மறைந்தது. வட்டம் கோடாயிற்று. சுற்றுவதற்கென்று செய்யப்பட்டதைக் கடந்துசெல்வதற்கென்று ஆக்கிய இம்மாற்றம் சிற்பத்தின் பொருளையே மாற்றியது. இலண்டனிலும் அச்சிற்பங்கள் வரிசையாகவே நிற்கின்றன என்பதால், இது ஒரு நிறுவனத்தின் குறை என்பதைவிட அருங்காட்சியகம் என்னும் வடிவத்தின் இயல்பு எனக் கொள்வதே பொருந்தும்.

செப்புத் திருமேனிகளில் இந்நிலை தலைகீழாகிறது. உலாத் திருமேனி வீதியில் நடக்கும். காண்போர் வாயிலில் நிற்பர். பட்டும் மாலையும் போர்த்திய நிலையில் முகமும் கைகளுமே கண்ணுக்குப் படும். காட்சிக்கூடத்தில் திருமேனி நிற்கிறது, காண்போர் நடக்கின்றனர். திருவாலங்காட்டு நடராசரின் முதுகையும் பக்கவாட்டையும் எவரும் காணலாம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் நிழற்படங்களை மட்டும் கொண்டே இத்திருமேனியை வியந்து எழுதினார். 1921-இல் வெளியான அவ்வெழுத்து, திருமேனியைப் பகுதி பகுதியாகச் சுற்றிக் காணும் பார்வையைத் தொடங்கிவைத்தது. தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு இடபவாகனரும் இங்கு எண்ணத்தக்கவர். 1011-ஐச் சேர்ந்த அத்திருமேனி சாய்ந்து கைவைத்திருந்த விடை இன்று இல்லை. வெறுவெளியில் ஊன்றிய அக்கையைச் சுற்றி நடக்கும்போது, இல்லாத விடையின் உருவை நம் நடையே வரைந்துகொள்கிறது. காட்சியக நடையால் இழப்பு மட்டுமே உண்டு என்று கூற இயலாமைக்கு இது சான்று.

கீழடி: வீட்டு வடிவில் ஒரு நகரம்

சிவகங்கை மாவட்டம் கொந்தகையில் அமைந்த கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2 ஏக்கர் நிலத்தில், 31,000 சதுர அடிப் பரப்பில், செட்டிநாட்டுக் கட்டடக்கலைப் பாணியில் எழுந்தது. முற்றங்களும் தூண் வரிசைகளும் தாழ்வாரங்களும் காட்சிக்கூடங்களை இணைக்கின்றன. வேளாண்மையும் நீர் மேலாண்மையும், மட்கலத் தொழில், ஆடை அணிகலன், கடல் வணிகம், வாழ்வியல் என்னும் பொருட்பகுப்பில் கூடங்கள் அமைந்துள்ளன. காலவரிசையைக் கைவிட்டு வாழ்க்கைத் துறைகளால் பகுத்தமை, சங்கப் பாடல்களை முதல், கரு, உரி எனப் பகுத்துப் பயின்ற தமிழாய்வாளர்க்கு அணுக்கமாகத் தோன்றும்.

நடை நோக்கில் இதன் சிறப்பு முற்றமாகும். கூடம் ஒன்றைப் பார்த்து முடித்தவர் தாழ்வாரத்துக்கு வந்து, வானத்தைக் கண்டு, சற்று அமர்ந்து, அடுத்த கூடத்துக்குச் செல்லலாம். கில்மன் கூறிய களைப்புக்கு இது மருந்து. ஆற்றுப்படையின் இளைப்பாறுமிடங்கள் கட்டடத்தில் மீண்டும் தோன்றுகின்றன எனலாம். குழந்தைகளோடு வரும் ஊர்மக்கள் முற்றத்தைத் தம் வீட்டு முற்றம்போல் பயன்படுத்த முடிகிறது. எழும்பூரின் பேரளவுக் கட்டடங்கள் முன் தோன்றும் தயக்கத்துக்கு இங்கு இடமில்லை.

எனினும் ஒரு வினா எழுகிறது. கீழடியில் கிடைத்தவை செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் தொழிற்கூடத் தடயங்களும். கரிமப் பகுப்பாய்வின்படி கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்லும் ஒரு நகர நாகரிகத்தை அவை காட்டுவதாக 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. அந்நகரத்தைக் காட்ட, பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் செழித்த வணிகர் வீட்டின் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டுக்கு ஓர் உள்ளார்ந்த இலக்கணம் உண்டு. முன்வாயிலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என வாயில்கள் ஒரே கோட்டில் பின்வாயில் வரை தெரியும். விருந்தினர் முகப்போடு நிற்பர். பெண்டிர் புழங்குமிடம் பின்கட்டு. இதுவும் பத்மநாபபுரத்தைப் போல் நிலைவாயில்களால் மனிதரைத் தரம் பிரித்த கட்டடமே. நகரத்தின் பொதுவெளியை, ஒரு குடும்பத்தின் தனிவெளியால் காட்டும்போது காண்போர் மனத்தில் நகரம் வீடாகச் சுருங்குகிறது. மதுரைக்காஞ்சி காட்டும் கொடியாடும் அங்காடித் தெருவின் நெரிசலும் இரைச்சலும் இவ்வமைதியான தாழ்வாரத்தில் தோன்றா.

மண்ணோடு உள்ள தொலைவு மற்றொன்று. அகழாய்வுக் குழி ஓரிடத்திலும் கண்டெடுத்த பொருள் வேறிடத்திலும் உள்ளன. பொருளைப் பார்த்தவர் குழியைப் பார்க்கத் தனியே செல்ல வேண்டும். மண்ணடுக்கைக் கண்ணால் கண்ட பின்னரே காலம் என்பது ஆழம் என்று புரியும். குழியில் தொடங்கிக் கூடத்தில் முடியுமாறு காண்போரின் வழி அமையுமாயின், அகழ்வோர் நடந்த வழியிலேயே காண்போரும் நடப்பர். வழி கூறுபவன் தானும் நடந்தவனாக இருக்க வேண்டும் என்னும் ஆற்றுப்படை மரபு அப்போது நிறைவேறும்.

இங்குப் பாட்டுடைத் தலைவன் யார் என்னும் வினாவுக்கு விடை எளிதன்று. தமிழின் தொன்மையே தலைவன் என்று பலர் கருதக்கூடும். ஆயின் பேழைகளில் இருப்பவை அரசரின் முடிகள் அல்ல. ஆதன் முதலிய பெயர்கள் கீறப்பட்ட பானை ஓடுகள், தக்களிகள், விளையாட்டுக் காய்கள், மணிகள் ஆகியவையே. தம் பானையில் தம் பெயரை எழுதிக்கொண்ட மக்களே இக்காட்சியகத்தின் தலைமக்கள். தலைவன் இல்லாத ஆற்றுப்படை ஒன்றைத் தமிழ்நாடு முதன்முறையாகக் கட்டிப் பார்த்திருக்கிறது என இதனை மதிப்பிடலாம்.

எல்லைப்புறத்துக்கு வேண்டும் காட்சியகம்

பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த பெருமாட்டி முதலிய ஊராட்சிகளில் தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும் அவ்வாறே. இம்மக்களின் வழக்குச் சொற்களும் தொழிற்கருவிகளும் வழிபாட்டு முறைகளும் திரட்டப்பட்டு ஒருநாள் காட்சிக்கு வைக்கப்படலாம். அப்போது எழக்கூடிய முதல் வினா எவ்வகைக் கட்டடம் என்பதாகவே இருத்தல் வேண்டும். பொருள்களைத் திரட்டிய பின்னர்க் கட்டடம் தேடுவது நாம் வழக்கமாகச் செய்வது. மேற்கண்ட மூன்று சான்றுகளும் அவ்வழக்கம் பிழை என்று காட்டுகின்றன.

பெருமாட்டியின் வரலாறு நீரின் வரலாறு. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் மணக்கடவு வழியே சித்தூர்ப்புழைப் படுகைக்கு வர வேண்டும். இவ்வூராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் நிலத்தடி நீருக்காக 2002-இல் பழங்குடி மக்கள் தொடங்கிய போராட்டம் உலகறிந்தது. குளிர்பான ஆலை 2004-இல் நின்றது. போராட்டத்தை முன்னெடுத்த மயிலம்மா 2007-இல் மறைந்தார். இவ்வரலாற்றை நான்கு சுவருக்குள் அடைத்தால் அது மீண்டும் கோடாகிவிடும். வாய்க்காலையும் கிணற்றையும் வயலையும் இணைத்து, நீர் செல்லும் வழியிலேயே காண்போரும் நடக்குமாறு அமைந்த திறந்தவெளிக் காட்சியகமே இந்நிலத்துக்குப் பொருந்தும். நிலத்தை முதற்பொருளாகக் கொண்ட மரபினர்க்கு இவ்வமைப்பு புதியதன்று. இரு மொழியினரும் பயன்படுத்தும் கிணற்றடியிலிருந்து நடை தொடங்குமாயின், அக்காட்சியகம் எந்த ஒரு மாநிலத்தின் புகழ்மொழியாகவும் மாறாது.

முடிவுரை

அருங்காட்சியகக் கட்டடம் பொருள்களை வைக்கும் கொள்கலன் மட்டுமன்று. அது காண்போரின் கால்களால் வாசிக்கப்படும் பனுவல். ஆற்றுப்படை நடை, ஊர்காண் நடை என்னும் இரு மரபுகளும் அப்பனுவலை வாசிக்கத் தக்க கருவிகளாகின்றன.

பத்மநாபபுரம் தடைகளால் ஆன கட்டடத்தை ஒற்றை வழியாக்கி, தடைகளின் வரலாற்றை மறைத்துவிடுகிறது. எழும்பூர் தெரிவுரிமை தருகிறது. ஆயினும் அதன் சிதறலில் அறிவு வகைப்பாடே தலைமை கொள்கிறது. வட்டமாக நடந்து காணவேண்டிய அமராவதி அங்கு நேர்கோடாகியது. கீழடி முற்றத்தால் இளைப்பாறுதலைத் தந்து மக்களைத் தலைமக்களாக்கினும், நகரத்தை வீட்டு வடிவில் சுருக்கியுள்ளது.

புதிய காட்சியகங்கள் எழுந்துவரும் இக்காலத்தில் அவற்றின் வரைபடம் பொறியாளரிடமும் காப்பாட்சியரிடமும் மட்டும் விடப்படுகிறது. நடையையும் நிலத்தையும் பொழுதையும் இலக்கணமாக வகுத்த மொழியின் ஆய்வாளர்களும் அவ்வரைபடத்தின் முன் அமர வேண்டும். எவர் எந்த வாயிலில் நிறுத்தப்பட்டார் என்னும் வினாவை அங்கு எழுப்புவது அவர்தம் கடமையாகும்.